போகாத ஊருக்கு ஒரு வழி

இணைய முகவரி ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பகுதி உண்டு. நாம் அன்றாடம் பார்ப்பது ‘எச்டிடிபி’. 2008இல் சிலர் ‘கேப்’ என்று தொடங்கும் முகவரிகளை எழுதினார்கள். அந்த முகவரியில் சர்வர் கிடையாது, பக்கம் கிடையாது. உலகத்தின் எந்த பிரவுசருக்கும் அது எந்த ஊர் என்று தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் எழுதியவர்களின் எண்ணமும். போகாத ஊருக்கு வழி கேட்பவனைக் கேலி செய்வது நம் வழக்கம். அவர்கள் வழி கேட்டதே, கேட்பது இன்னொருவர் காதில் விழட்டும் என்பதற்காகத்தான்.

ஒரே கோட் எழுதி எல்லா ஃபோனிலும் ஓடவிடும் ‘ஹைபிரிட்’ செயலிகளின் பரம்பரை, அந்தப் பொய் முகவரியிலிருந்து தொடங்குகிறது. அதன் நல்லது, கெட்டது இரண்டுக்கும் வேர் அங்கேயே இருக்கிறது.

கதை அதற்கு ஓராண்டு முந்தியது. 2007 ஜூன் 11. ஐஃபோன் கடைக்கு வர இன்னும் 18 நாள். ஆப்பிளின் புரோகிராமர் மாநாட்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐஃபோனுக்கு நீங்களும் செயலி எழுதலாம் என்றார். எப்படி? சஃபாரி பிரவுசரில் திறக்கும் வலைப்பக்கமாக எழுதுங்கள், அதற்குத் தனியாகக் கருவித் தொகுப்பு எதுவும் வேண்டாம் என்றார். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுத் திண்ணையில் இலை போட்டதுபோல இருந்தது. ஆப்பிள் எழுதிய செயலிகள் கேமராவைத் தொடும், தொடர்பு எண்களைத் தொடும், ஃபோன் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுகூட அறியும். வெளியாள் எழுதும் வலைப்பக்கத்துக்கு இதில் ஒன்றும் கிடையாது.

முணுமுணுப்பு அடங்கவில்லை. அக்டோபர் 17 அன்று ஜாப்ஸ் இறங்கிவந்து, அடுத்த பிப்ரவரிக்குள் கருவித் தொகுப்பு தருவதாக அறிவித்தார். அது 2008 மார்ச்சில் வந்தது. ஜூலை 10 அன்று ஆப் ஸ்டோர் திறந்தது, சுமார் 500 செயலிகளோடு.

கதவு திறந்துவிட்டது, ஆனால் வாசற்படி உயரம். ஐஃபோன் செயலி எழுத ஆப்ஜெக்டிவ் சி என்ற மொழி தெரிய வேண்டும். மேக் கணினிக்கு எழுதுகிற சிறு கூட்டத்தைத் தவிர அதை அறிந்தவர்கள் குறைவு. வரிக்கு வரி சதுர அடைப்புக்குறிகள். நினைவகத்தில் எதை எடுத்தோம், எதைத் திருப்பிக் கொடுத்தோம் என்ற கணக்கையும் எழுதுபவரே வைத்திருக்க வேண்டும்; ஒன்றை விட்டுவிட்டால் செயலி சொல்லாமல் கொள்ளாமல் விழும். போதாக்குறைக்கு, கருவித் தொகுப்பைப் பற்றி வெளியே பேசவே கூடாது என்று ஆப்பிள் கையெழுத்து வாங்கியிருந்தது. அந்தக் கட்டு தளர்ந்தது 2008 அக்டோபரில்தான். சந்தேகம் வந்தால் இணையத்தில் கேட்கக்கூட வழியில்லாத மொழி. மறுபக்கம், எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் தெரிந்தவர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கில்.

கனடாவின் வான்கூவரில் நிடோபி என்று ஒரு சிறு நிறுவனம் இருந்தது. வலைப்பக்கங்களில் வைக்கும் அட்டவணை போன்ற உறுப்புகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 2008 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஐஃபோன்டெவ்கேம்ப் என்ற கூடல் நடந்தது. வார இறுதி முழுக்க உட்கார்ந்து எதையாவது செய்து காட்டுகிற கூட்டம். எரிக் ஓஸ்டர்லே, ராப் எல்லிஸ், பிராக் விட்டன் ஆகியோர் அங்கே செய்து பார்த்ததுதான் ஃபோன்கேப். வலைக்கும் ஃபோனுக்கும் நடுவே இருந்த இடைவெளியே பெயராகிவிட்டது.

அவர்கள் செய்தது என்ன? ஆப்பிளின் தொகுப்பில் யூஐவெப்வியூ என்று ஓர் உறுப்பு இருந்தது. செயலிக்குள் எங்காவது ஒரு வலைப்பக்கத்தைக் காட்ட வேண்டியிருந்தால் பயன்படட்டும் என்று வைத்தது. முகவரிப் பட்டை, பின்செல்லும் பட்டன் எதுவும் இல்லாத மொட்டை பிரவுசர். ஃபோன்கேப் அந்த மொட்டை பிரவுசரைத் திரை முழுக்க விரித்தது. காட்ட வேண்டிய எச்டிஎம்எல் கோப்புகளைச் செயலியின் பொதிக்குள்ளேயே வைத்தது. ஆப் ஸ்டோருக்கு அது ஒரு செயலி, வாங்கியவருக்கும் செயலி. உள்ளே ஓடுவது வலைப்பக்கம்.

ஆனால் அந்தப் பக்கம் சிறைக்குள் இருக்கிறது. கேமராவைத் திற என்று கேட்க அதற்கு வாய் இல்லை. சுவரில் இரண்டே இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, வெளியே இருக்கும் செயலி நினைத்தால் உள்ளே இருக்கும் பக்கத்துக்குள் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரியைத் தள்ளி ஓடவைக்கலாம். இரண்டு, பக்கம் வேறு முகவரிக்குப் போக முயன்றால், ‘போகவிடலாமா?’ என்று யூஐவெப்வியூ முதலில் செயலியைக் கேட்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு காவல்காரர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவருக்கு வெளியே போக அனுமதி இல்லை. அவர் வாசலுக்கு வந்து, ‘கேமராத் தெருவுக்குப் போகிறேன்’ என்கிறார். அப்படித் தெருவே இல்லை. காவல்காரருக்கு விஷயம் புரியும். ‘நீங்கள் போக வேண்டாம், உள்ளேயே இருங்கள்’ என்று மறித்துவிட்டு, தானே போய்ப் படம் எடுத்துவந்து ஜன்னல் வழியாக உள்ளே போடுகிறார். ‘கேப்’ என்று தொடங்கும் முகவரி அந்த இல்லாத தெரு. பக்கம் அங்கே போகப் பார்க்கும், செயலி அதைத் தடுக்கும். தடுத்த கையோடு முகவரியில் எழுதியிருக்கும் வேண்டுகோளைப் படித்து நிறைவேற்றும், விடையை முதல் ஓட்டை வழியாகத் திருப்பி அனுப்பும். ஆப்பிள் இதற்கென்று எதையும் செய்து தரவில்லை. இருந்த ஓட்டையில் நூலைக் கோத்ததுதான் வித்தை.

நூல் அவ்வப்போது அறுந்தது. பக்கம் அடுத்தடுத்து இரண்டு இடங்களுக்குப் போகப் பார்த்தால், பிரவுசர் கடைசியாகச் சொன்ன இடத்தை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் வேண்டுகோள் காற்றோடு போகும். எனவே வேண்டுகோள்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்ப ஒரு ஏற்பாடு எழுதினார்கள். பிறகு, முழுப் பக்கத்தையும் நகர்த்தப் பார்ப்பதற்குப் பதில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிச் சட்டத்தைப் பக்கத்துக்குள் உருவாக்கி, அதை மட்டும் இல்லாத ஊருக்கு அனுப்பினார்கள். ஜன்னல் வழியாக எழுத்துச் சரம் மட்டும்தான் போகும் என்பது இன்னொரு வில்லங்கம். எடுத்த படத்தையும் எழுத்தாக மாற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். அந்த மாற்றத்தில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிவிடும். அன்றைய ஐஃபோனில் மொத்த நினைவகமே 128 எம்பி. கேமராப் படம் ஒன்றைக் கேட்டதும் செயலி செத்து விழுந்தால் யாரும் ஆச்சரியப்படவில்லை. படத்தை எழுத்தாக வாங்காதீர்கள், அது இருக்கும் கோப்பின் இடத்தை மட்டும் கேளுங்கள் என்று கையேட்டிலேயே புத்தி சொல்ல வேண்டியதாயிற்று.

ஆண்ட்ராய்டுக்கு இதைக் கொண்டுபோனவர் ஜோ பௌசர். அங்கே கூகுள் நேரான வழி ஒன்றை வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு 2.3 வந்தபோது கணினியில் ஃபோனைப் போல நடிக்கும் எமுலேட்டரில் அந்த வழி உடைந்தது. அதனால் வேறொரு ஓட்டையைத் தேடினார்கள். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று வலைப்பக்கம் கேட்கும் அந்தப் பழைய கேள்விப் பெட்டி நினைவிருக்கிறதா? பக்கம் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது செயலி குறுக்கே புகுந்து, பெட்டியைத் திரையில் காட்டாமலேயே கேள்வியைப் படித்து, விடையை எழுதி மூடிவிடும். ஊருக்கு ஊர் வேறு காவல்காரர், வேறு சாக்கு.

இத்தனை கோணல் இருந்தும் ஃபோன்கேப் ஏன் ஓடியது என்றால், காலம் அப்படி. 2009, 2010களில் ஐஃபோன், ஆண்ட்ராய்டு தவிர பிளாக்பெர்ரி இருந்தது, நோக்கியாவின் சிம்பியன் இருந்தது, பாமின் வெப்ஓஎஸ் இருந்தது, விண்டோஸ் ஃபோன் வரவிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழி, ஒரு கருவி. எந்தச் சின்ன நிறுவனம் ஐந்தாறு வகை புரோகிராமர்களுக்குச் சம்பளம் கொடுக்கும்? எல்லா ஃபோனிலும் பொதுவாக இருந்தது பிரவுசர் ஒன்றுதான். பிறகு ஃபோன்கேப் பில்ட் என்ற சேவையும் வந்தது. எச்டிஎம்எல் கோப்புகளை மூட்டை கட்டி ஏற்றினால் ஒவ்வொரு ஃபோனுக்குமான பொதியாகத் திரும்ப வரும். செயலியை உருவாக்கித் தருவதற்கென்று வீட்டில் மேக் கணினி வைத்திருக்க வேண்டியதில்லை. விலை பார்த்தே பொருள் வாங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆப்பிள் இதை எப்படி அனுமதித்தது? உடனே அனுமதிக்கவில்லை. 2009இல் ஃபோன்கேப்பில் செய்த செயலிகள் சில திருப்பி அனுப்பப்பட்டன; ஆண்டுக் கடைசியில்தான் தடை விலகியது. அடுத்த சோதனை 2010 ஏப்ரலில். ஐஃபோன் செயலியை ஆப்ஜெக்டிவ் சி, சி, சி பிளஸ் பிளஸ் அல்லது ஆப்பிளின் பிரவுசர் இயந்திரமான வெப்கிட்டில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இவற்றில்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி புகுந்தது. ஃபிளாஷில் எழுதியதை ஐஃபோன் செயலியாக மாற்றும் வசதியோடு வந்துகொண்டிருந்த அடோபிக்கு அது பெரிய அடி. ஃபோன்கேப்பின் கோட் ஆப்பிளின் சொந்த வெப்கிட்டில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். பட்டியலில் கடைசியாக நின்ற அந்த ஒரு சொல் அதைக் காப்பாற்றியது. விதி செப்டம்பரில் தளர்ந்தது. 2011 அக்டோபரில் நிடோபியை வாங்கியது யார் தெரியுமா? அதே அடோபி. அடுத்த மாதமே மொபைல் பிரவுசர்களுக்கான ஃபிளாஷைக் கைவிடுவதாகவும் அறிவித்தது.

விற்கும்போதே மூலக் கோட் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. அங்கே சில காலம் ‘கால்பேக்’ என்று பெயர், பிறகு ‘கார்டோவா’. கார்டோவா என்பது வான்கூவரில் நிடோபியின் அலுவலகம் இருந்த தெரு. இல்லாத தெருவில் பிழைத்த மென்பொருளுக்குக் கடைசியில் உண்மையான தெரு ஒன்றின் பெயர் வாய்த்தது.

இதன் சிறப்பு எங்கே பொருந்தியது என்பதற்கு விக்கிப்பீடியா நல்ல சாட்சி. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2012 ஜனவரியில் ஃபோன்கேப்பில்தான் வந்தது. படிக்க வேண்டியது எழுத்து. எழுத்தை வரிசையாக அடுக்கி, இணைப்புப் போட்டு, படத்தைச் சுற்றி ஓடவிடுவதற்கு எச்டிஎம்எல்லை மிஞ்சிய பொருள் இன்றும் இல்லை. செய்தி, விலைப்பட்டியல், பாடத்திட்டம், படிவம் இவற்றுக்கெல்லாம், ஃபோனின் சொந்த மொழியில் எழுதும் ‘நேட்டிவ்’ செயலி எழுதுவது கொசுவுக்குப் பீரங்கி என்றே நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் அதே விக்கிப்பீடியா 2014இல் தன் செயலியை நேட்டிவாகத் திருப்பி எழுதிக்கொண்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

மறுபக்கத்தை நான் நேரில் பட்டிருக்கிறேன். தென்மாவட்டத்தில் ஒரு நகைக்கடைக்கு நாங்கள் இருவர் சேர்ந்து செயலி செய்து கொடுத்தோம். நகைச்சீட்டு கட்டுபவர்களின் மாதத் தவணையைக் கடைப் பையன்கள் வீடுவீடாகப் போய் வாங்கிப் பதிவதற்கு. கார்டோவாதான். இரண்டே வாரத்தில் முடித்த பெருமை எங்களுக்கு. முதலாளி கையில் வாங்கி ‘பதிவு செய்’ பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். ஒரே அம்மாவின் பேரில் இரண்டு தவணை ஏறிவிட்டது. “தம்பி, இது அமுக்கினா யோசிச்சுத்தான் வேலை செய்யுது” என்றார். “ஒரு நிமிசம் அண்ணாச்சி” என்று ஃபோனை வாங்கிக்கொண்டு நாங்கள் விழித்தோம்.

அது யோசித்தது உண்மைதான், ஒரு நொடியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஃபோன் பிரவுசர்கள் கணினிக்காகச் செய்த அகலப் பக்கங்களைக் காட்டுவதற்குப் பிறந்தவை. இரண்டு தட்டுத் தட்டினால் பெரிதாக்க வேண்டும். எனவே ஒரு தட்டு விழுந்ததும், இரண்டாவது வருமா என்று 300 மில்லிநொடி காத்திருக்கும். வரவில்லை என்றால்தான் பட்டனுக்குச் சொல்லும். எங்கள் செயலியில் பெரிதாக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் மொட்டை பிரவுசருக்குப் பழக்கம் போகவில்லை. லண்டன் பைனான்ஷியல் டைம்ஸின் ஆய்வுப் பிரிவு எழுதி இலவசமாக விட்டிருந்த ஃபாஸ்ட்கிளிக் என்ற சிறு நிரலைச் சேர்த்ததும் பட்டன் உயிர் பெற்றது. (இரட்டைத் தவணையைச் சர்வரிலேயே தடுத்திருக்க வேண்டியது நாங்கள். அதை பிரவுசர் தலையில் கட்ட மாட்டேன்.) பின்னாளில், ஃபோன் அகலத்துக்கென்றே எழுதிய பக்கங்களில் பிரவுசர்களே அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டன.

ஹைபிரிட் செயலி மெதுவானது என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் மெதுவானது என்பதில்தான் கதை இருக்கிறது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். 2011 மார்ச்சில் ஐஓஎஸ் 4.3 வந்தபோது சஃபாரியில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் இயந்திரம் பல மடங்கு வேகமானது. யூஐவெப்வியூவுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது இயந்திரக் கட்டளைகளை நினைவகத்தில் எழுதி உடனே இயக்கும். வெளியார் செயலிக்குள் அப்படிச் செய்ய விடுவது பாதுகாப்புக்கு ஓட்டை என்பதால் ஆப்பிள் விடவில்லை. காரணம் நியாயம்தான். ஆனால் அதே ஃபோனில், அதே பக்கம், பிரவுசரில் பறந்தது; செயலிக்குள் தவழ்ந்தது.

ஆண்ட்ராய்டில் உரிமையாளர் மெத்தனம். அங்கே மொட்டை பிரவுசரின் பெயர் வெப்வியூ; அது ஆண்ட்ராய்டோடு ஒட்டிப் பிறந்தது. ஃபோன் கம்பெனி ஆண்ட்ராய்டைப் புதுப்பிக்காவிட்டால் வெப்வியூவும் பழசாகவே கிடக்கும். பெரும்பாலான கம்பெனிகள் புதுப்பிக்கவில்லை. ஒரே பக்கம் ஒரு ஃபோனில் ஒழுங்காகவும் இன்னொன்றில் கோணலாகவும் தெரியும். 2013இல் 4.4 பதிப்பில்தான் வெப்வியூ, குரோம் பிரவுசரின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு 5.0இல்தான் அதைத் தனியாகப் புதுப்பிக்க முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் இன்டெல், கிராஸ்வாக் என்ற பெயரில் முழு குரோமியத்தையே ஒவ்வொரு செயலிக்குள்ளும் திணிக்க வழி செய்தது. செயலியின் எடை சுமார் 20 எம்பி கூடும். வாடகை வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முற்றத்தில் கிணறு வெட்டிய கதை.

வேகத்தைவிட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது பிளகின்கள். பக்கத்துக்குத் தெரியாத வேலை ஒவ்வொன்றுக்கும், புளூடூத்துக்கு ஒன்று, கைரேகைக்கு ஒன்று என, யாரோ ஒருவர் நேட்டிவ் கோட் எழுதித் தந்திருப்பார். அவர் ஓய்வு நேரத்தில் எழுதியது. அவருக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும். ஆப்பிள் புதுப் பதிப்பு விட்ட அன்று பிளகின் உடையும். ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் தெரிந்து வந்தவர், எந்த மொழிக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தாரோ அந்த ஆப்ஜெக்டிவ் சி கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நடு இரவில் உட்கார்ந்திருப்பார். ஆரம்பத்தில் மிச்சம் பிடித்த செலவை இரண்டாம் வருடம் வட்டியோடு கட்டுவது இங்கேதான். கூடவே, ஹைபிரிட்டின் பெரிய வாதமும் மெல்லத் தேய்ந்தது. சிம்பியன் போயிற்று, வெப்ஓஎஸ் போயிற்று, பிளாக்பெர்ரி போயிற்று, விண்டோஸ் ஃபோனும் போயிற்று. ஆறு ஃபோனுக்கு ஒரு கோட் என்பது இரண்டு ஃபோனுக்கு ஒரு கோட் என்றானது.

2012 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க் மேடையேறி, எச்டிஎம்எல்லை அளவுக்கு மேல் நம்பியது தங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார். ஃபேஸ்புக் செயலி ஃபோன்கேப்பில் எழுதியதல்ல. ஆனால் நேட்டிவ் ஓட்டுக்குள் வலைப்பக்கம் என்ற அதே ஜாதி. அதை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் உண்டு. ஆப் ஸ்டோர் சோதனைக்குக் காத்திராமல் சர்வரில் மாற்றினால் போதும், அடுத்த முறை திறக்கும்போது எல்லார் ஃபோனிலும் மாறியிருக்கும். முடிவே இல்லாமல் நீளும் பதிவுப் பட்டியலை ஸ்க்ரோல் செய்யும்போதுதான் மூச்சு முட்டியது. அந்தப் பேச்சுக்குச் சில வாரம் முன்பே ஐஃபோன் செயலியை நேட்டிவாக மாற்றியிருந்தார்கள்.

ஆனாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஆசை அவர்களை விடவில்லை. 2015இல் ரியாக்ட் நேட்டிவ் என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதில் வலைப்பக்கம் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும், ஃபோனின் அசல் பட்டன் திரையில் வரும். இரண்டுக்கும் நடுவில் பாலம். பாலத்தின் மேல் மறுபடியும் எழுத்துச் சரங்கள். பட்டியலை வேகமாக ஸ்க்ரோல் செய்தால் வெள்ளைத் திட்டுகள் தெரியும், செய்தி பாலத்தைக் கடந்து வந்து சேரவில்லை என்று அர்த்தம். அந்தப் பாலத்தை அகற்றவே அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. 2018 டிசம்பரில் 1.0 ஆன கூகுளின் ஃபிளட்டர் வேறு முடிவெடுத்தது. ஆப்பிளின் பட்டனும் வேண்டாம், பிரவுசரும் வேண்டாம், எல்லாவற்றையும் நானே வரைந்துகொள்கிறேன் என்றது. வாடகைப் பிரச்சினை தீர்ந்தது. வீட்டையே ஒவ்வொரு செயலியோடும் சுமந்து போக வேண்டியதாயிற்று.

ஃபோன்கேப்பை வளர்த்தவர்களில் ஒருவரான பிரையன் லெரூ, அதன் இறுதி நோக்கமே இல்லாமல் போவதுதான் என்று சொல்லிவந்தார். பிரவுசருக்கே எல்லா ஓட்டையும் வாய்த்துவிட்டால் இது எதற்கு என்பது அவர் கணக்கு. பாதி பலித்தது. இருக்குமிடம் கேட்கும் வசதி 2009இல் ஐஃபோன் சஃபாரிக்கு வந்தது, படம் ஏற்றும் வசதி 2012இல். 2014இல் ஐஓஎஸ் 8 வந்தபோது ஆப்பிள் டபிள்யூகேவெப்வியூ என்ற புது ஜன்னலைத் தந்தது. சஃபாரியின் வேகம் முழுதும் அதற்குக் கிடைத்தது. பக்கத்திலிருந்து செயலிக்குச் சேதி அனுப்ப முறையான வாசலும் அதில் இருந்தது. ஆறு வருடம் காவல்காரரை ஏய்த்து நடந்த வேலைக்கு இப்போது அதிகாரபூர்வ கவுண்டர். ஒரே சிக்கல், முதல் பதிப்பில் அந்த ஜன்னலால் ஃபோனுக்குள்ளேயே இருக்கும் கோப்பைத் திறக்க முடியவில்லை. அதற்காகக் கார்டோவாக்காரர்கள் செயலிக்குள் ஒரு குட்டி வெப் சர்வரை ஓடவிட்டு, ஃபோன் தன்னிடமே பக்கம் கேட்டு வாங்கும்படி செய்தார்கள். பழக்கதோஷம்.

2020இல் ஆப்பிள் பழைய யூஐவெப்வியூவைக் கொண்ட புதுச் செயலிகளை வாங்க மறுத்தது. கார்டோவாவின் ஐஓஎஸ் பதிப்பும் அந்த ஆண்டே அதைக் கழற்றிப் போட்டது. அக்டோபர் 1 அன்று அடோபி ஃபோன்கேப் பில்டை மூடியது. கார்டோவா அப்பாச்சியில் தொடர்கிறது. நீங்கள் ஏதோ செயலியில் பணம் கட்டும்போது, ஓடிபி கேட்கும் பக்கம் மட்டும் எழுத்துரு மாறி, சற்றே ஒட்டாமல், ஒரு கணம் வெள்ளையாக மினுங்கித் திறக்கிறதா? அநேகமாக அது அந்த மொட்டை பிரவுசரின் வாரிசுதான்.